‘பிறகு பார்ப்பம்’ என்ற வீடுகளுக்கு ஊசி போய்ச் சேர்வது

2020 யூனில், கொவிட் தடுப்பூசி எதுவும் கைக்கு வராத காலத்தில், 19 நாடுகளில் 13,426 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: பாதுகாப்பானது, பலன் தருவது என்று உறுதியான ஊசி வந்தால் போடுவீர்களா? 71.5 வீதமானோர் போடக்கூடும் என்றார்கள். சீனாவில் கிட்டத்தட்ட 90 வீதம், ரஷ்யாவில் 55 வீதத்துக்கும் குறைவு. இந்த எண்ணை வைத்து, 2021இல் ஊசி வந்தபோது திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவுக்கோ குச்சவெளிக்கோ எத்தனை குப்பி இறக்குவது என்று கணக்குப் போட்டிருக்க முடியாது. அந்தக் கேள்வியில் திகதி இல்லை, இடம் இல்லை, ஊசியின் பெயர் இல்லை. மறுநாள் காய்ச்சலில் கிடந்தால் கூலிக்கு யார் பொறுப்பு என்பதும் இல்லை.

வீடு வீடாகப் போகிறவர்கள் வேறு நாலு கேள்வி கேட்பது நல்லது. “எந்த நாள் வசதி? ஊசி போடுற பள்ளிக்கூடத்துக்கு எதில வருவீங்க? வீட்டில ஆரைக் கேக்கோணும்? முந்தி ஊசி போட்டு ஏதும் நடந்ததா?” மூன்றாவது கேள்விதான் பெரிய கதவு. “கட்டாரில இருக்கிற மகன் வேண்டாம் எண்டவன்” என்று ஒரு தாய் சொன்னால், அந்தத் தாயிடம் அரைமணி நேரம் விளக்கிப் பயனில்லை. மகன் வேலை முடிந்து அழைக்கும் நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்தில் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தை ஊசிக்கு எதிரான மாவட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியதிலிருந்து பிள்ளைக்கு ஊசி என்றால் தாய்மார் கொப்பியோடு கிளினிக்கில் நிற்பார்கள். சிக்கல் வளர்ந்த ஆண்களிடம். கடைசியாக ஊசி போட்டது எப்போது என்றே அவர்களில் பலருக்கு நினைவிருக்காது. குடும்பநல மாதுவுக்குத் தாயையும் பிள்ளையையும் தெரியும், தகப்பனைத் தெரியாது. அவர்களுக்கான வழி மீனவர் சங்கம், ஆட்டோத் தரிப்பிடம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை.

மறுப்புகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. மலட்டுத்தன்மை என்ற பயத்தைக் கிழக்கில் சிரித்துத் தள்ளக்கூடாது. 2018 பெப்ரவரியில், சாப்பாட்டில் கருத்தடை மருந்து கலக்கிறார்கள் என்ற வதந்தி அம்பாறையில் வன்முறையில் முடிந்தது. அதே சொல் ஊசியோடு சேர்ந்து வரும்போது கேட்கிறவருக்கு அது புதிய கதை அல்ல. “சும்மா கதை” என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும். ஊசியில் என்ன இருக்கிறது என்று சொல்லலாம்: சீனாவின் சினோபார்ம் ஊசியில் செயலிழக்கச் செய்த வைரசும் அலுமினியம் ஐதரொட்சைட்டும், பைசரில் எம்ஆர்என்ஏயும், அதாவது வைரசின் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லிவிட்டு உடம்பிலேயே உடைந்துபோகும் ஒரு குறிப்பு. சினைப்பையிலோ விந்தணுவிலோ வேலை செய்கிற எதுவும் அதற்குள் இல்லை.

ஜனாசா, அதாவது இறந்த முஸ்லிம்களின் உடலை அடக்கம் செய்யும் விடயம், இதைவிட ஆழமானது. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்பது சட்டம். அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்த பிறகும் அது நீடித்தது. 2021 மார்ச்சில்தான் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. மூதூரிலும் கிண்ணியாவிலும் ஒரு குடும்பம் சுகாதார உத்தியோகத்தரைக் கண்டு கதவைச் சாத்தினால், அதற்குக் காரணம் ஊசி அல்ல, இந்தப் பதினொரு மாதம். இங்கே துண்டுப்பிரசுரம் வேலை செய்யாது. ஊசி நிலையத்தின் அதே வளவில் பிசிஆர் எடுக்காமல் இருப்பது வேலை செய்யும். வாசலில் சுகாதாரச் சீருடைகள் மட்டும் நிற்கட்டும், வேறு சீருடை வேண்டாம்.

கர்ப்பிணிகள் குழம்பியதற்குக் குற்றம் அவர்கள் மேல் இல்லை. 2021 சனவரியில் போடக்கூடாது, யூனில் போட வேண்டும் என்று சொல்லப்பட்டது. முதலில் அவர்களைச் சேர்க்காததற்குக் காரணம் ஆபத்து தெரிந்தது அல்ல, பரிசோதனைகளில் கர்ப்பிணிகளே இல்லாதது. பிறகு, கொவிட் வந்த கர்ப்பிணிக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு கூட என்று தெளிவானது. இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்துச் சொல்லாமல் “இப்ப போடலாம்” என்று மட்டும் சொன்னால், நாளைக்கு மறுபடி மாற்றுவார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

“ஒரு ஆபத்தும் இல்லை” என்ற வாக்குறுதியை யாரும் கொடுக்கக்கூடாது. அஸ்ட்ராசெனெகா போட்டவர்களில் மிக அரிதாக, 4 முதல் 42 நாட்களுக்குள், இரத்தத் தட்டுகள் குறைந்து இரத்தம் உறைந்தது. பைசர், மொடெர்னா போட்ட இளம் ஆண்களில் அரிதாக இதயத் தசை அழற்சி வந்தது. எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்: விடாத தலையிடி, ஒரு கால் மட்டும் வீங்குவது, நெஞ்சு நோ, மூச்சுத் திணறல். சாதாரண காய்ச்சல், உடம்பு நோ ஓரிரு நாளில் போய்விடும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் பெனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் இருந்தால் வைத்தியரைக் கேட்டுவிட்டு. அஸ்ட்ராசெனெகாவுக்கு முதல் ஊசியும், பைசருக்கும் மொடெர்னாவுக்கும் இரண்டாவது ஊசியும் கூடுதலாக ஆளைப் படுத்தின. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், காய்ச்சல் வந்தவர் அடுத்த பத்து வீட்டைத் தடுத்துவிடுவார்.

இனி நிலையத்துக்குள். 2021இல் வந்த கோவிஷீல்ட் (இந்தியாவில் செய்த அஸ்ட்ராசெனெகா) குப்பியில் பத்துப் பேருக்கு, ஆளுக்கு 0.5 மில்லிலீற்றர். திறந்தால் ஆறு மணித்தியாலம்தான். அப்போதைய பைசர் குப்பிக்குள் 1.8 மில்லிலீற்றர் சேலைன் விட்டு, அதே அளவு காற்றை இழுத்து, குலுக்காமல் பத்துத் தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டியிருந்தது. பிறகு ஆளுக்கு 0.3. மருந்து தங்காத சிரிஞ்ச் இருந்தால் ஆறு பேர், சாதாரண சிரிஞ்சில் ஐந்துதான் வரும். பின்னேரம் மூன்று பேர் மட்டும் நிற்கும்போது புதுக் குப்பி திறப்பதா என்ற தயக்கம் வரும். “நாளைக்கு வாங்கோ” என்று அனுப்பப்பட்டவர் திரும்பி வருவது குறைவு. காலையிலேயே பக்கத்து வீடுகளின் தொலைபேசி எண்களோடு ஒரு அழைப்புப் பட்டியல் வைத்திருந்தால், அந்த மூன்றைப் பத்தாக்கலாம்.

திருகோணமலை வெயிலுக்குப் பயந்து செய்கிற ஒரு தவறு பெரிது. உறைந்த ஐஸ்பொதியை உறைகுளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடனே மருந்து கொண்டுபோகும் பெட்டிக்குள் வைப்பார்கள். சினோபார்மில் அலுமினியம் இருப்பதால் ஒருமுறை உறைந்தால் மருந்து கெட்டது. வெளியே பார்த்தால் தெரியாது. பொதியை மேசையில் பரப்பி, கையில் ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். பெட்டிக்குள் 2 முதல் 8 பாகை. கெட்ட மருந்து போட்டவருக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு கொவிட் வந்து படுக்கும்போது, “போட்டும் வந்திட்டுது” என்று ஊரே சொல்லும்.

மயக்கம் போட்டு விழுகிறவரை வரிசையில் நிற்பவர்கள் பார்க்க விடக்கூடாது. ஒருவர் விழுந்தால் இன்னும் இரண்டு பேர் விழுவார்கள், ஐந்து பேர் வீட்டுக்குப் போவார்கள். நிழலில் கதிரை, தண்ணீர், உள்ளே வர ஒரு கதவு, வெளியேற வேறு கதவு, ஊசி மேசைக்கு முன் ஒரு திரை. போட்ட பிறகு 15 நிமிடம் இருக்கட்டும், முன்பு ஒவ்வாமை வந்தவர் 30 நிமிடம். பயத்தில் மயங்கியவர் வெளிறுவார், நாடி மெதுவாக அடிக்கும், படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தேறுவார். தோல் தடிப்பு, மூச்சு இழுப்பு, வேகமான நாடி, இறங்கும் இரத்த அழுத்தம் என்றால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. 1:1000 அட்ரினலின் 0.5 மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. சிரிஞ்சைத் தேடுகிற நேரம் அது அல்ல.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து பலநாள் படகில் போகிறவருக்கு, இரண்டாவது ஊசிக்குரிய 28ஆம் நாள் கடலில் விடியும். சினோபார்ம் இரண்டாவது ஊசி பிந்தினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, கரைக்கு வந்ததும் போடலாம். இதை அட்டையில் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் “திகதி போயிட்டுது” என்று விட்டுவிடுவார்கள். 2021இல் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதால் கோவிஷீல்ட் முதல் ஊசி போட்ட பல இலட்சம் பேர் இரண்டாவதுக்குக் காத்திருந்தார்கள். யப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனெகா யூலை முடிவில்தான் வந்தது. கிடைக்காததை மறுப்பு என்று பதிந்தால் அடுத்த திட்டமும் பிழைக்கும்.

ஆகவே பதிவேட்டில் ‘மறுப்பு’ என்று ஒரே நிரல் வேண்டாம். வரவில்லை, கிடைக்கவில்லை, நோயால் தள்ளிவைத்தது, ஆளைக் கேட்க வேண்டும், வேண்டாம் என்றார் என்று ஐந்தாகப் பிரியுங்கள். பக்கத்தில் அடுத்த திகதியும் போகிறவர் பெயரும் இருக்கட்டும். ‘வேண்டாம்’ என்ற வீட்டுக்கு இரண்டு தரம் போனவரையே மூன்றாம் தரமும் அனுப்பாதீர்கள். அதே தெருவில் ஏற்கனவே போட்ட, அதே வயதுள்ள ஒருவர் கூடப் போகட்டும்.