கேசிங் இறக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கிய நாலு வருடம்

காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்த அன்று சாயங்காலம் காரைக்காலில் எங்கள் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. செல்போனிலேயே திறந்து படித்தேன். விண்ணப்பத்தில் ஒன்பது கிளெய்ம், அதாவது 'இது எங்களுடையது' என்று உரிமை கோரும் வரிகள், எழுதியிருந்தோம். ஒன்றுகூடத் தேறவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபிட்டர் அண்ணன் லேத்தை நிறுத்தினார். "என்ன தம்பி, முடியாதுன்னுட்டாங்களா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது நிராகரிப்பு இல்லை, பேச்சு அங்கேதான் தொடங்குகிறது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. அதே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது தூக்கமில்லாமல் இருந்தால், அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சொல்லாமல் ஆய்வைப் பற்றிச் சொல்ல முடியாது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பக்கச் சுவர் சரியாமல் இருக்க இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமென்ட் நிரப்புவார்கள். அதுதான் கேசிங். நரிமணம், கோவில்களப்பால் என்று காவிரிப் படுகையில் பல வருடம் கேசிங் இறக்கும் குழுவில் இருந்தவன் நான். 9⅝ அங்குலக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கு 47 பவுண்டு வகை என்றால், 40 அடிக் குழாய் ஒன்று சுமார் 850 கிலோ. 2,000 மீட்டர் ஆழத்துக்கு இப்படி 160 குழாய்களுக்கு மேல் ஒவ்வொன்றாக மரை போட்டு இறக்க வேண்டும்.

துளையிடும் ரிக்கின் தளத்தில், ஸ்லிப்ஸ் என்ற ஆப்புகள் பிடித்து நிறுத்தியிருக்கும் குழாயின் தலையில், குழாய்களை இணைக்கும் கப்ளிங் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அடுத்த குழாயை எலிவேட்டர் என்ற தூக்கி கவ்வித் தூக்கி வரும். அதன் அடிமுனையை அந்த வாய்க்குள் நேராக உட்கார வைப்பதைத்தான் ஸ்டேப்பிங் என்போம். மேலே ஸ்டேப்பிங் போர்டில் ஒருவர் குழாயின் தலையை அணைத்துப் பிடித்திருப்பார். கீழே ஒருவர் கையால் வழிகாட்டுவார். ஐப்பசி கார்த்திகையில் கடல் காற்று அடிக்கும்போது 850 கிலோ குழாய் தொட்டில்போல ஆடும். கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் முதல் இரண்டு சுற்று சுகமாகத்தான் ஏறும். அப்புறம் டாங்ஸ் என்ற முறுக்குக் கருவியைப் போட்டு முறுக்கினால் மரை கடித்துக்கொள்ளும். பட்ரஸ் என்ற வகை மரையில் குழாயின் மேல் ஒரு முக்கோணக் குறி அடித்திருக்கும். கப்ளிங்கின் விளிம்பு அந்த முக்கோணத்தின் அடிக்கோட்டைத் தொட வேண்டும். மரை தவறினால் விளிம்பு எங்கோ கீழேயே நின்றுவிடும். உடனே எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மரை கடித்த குழாயைக் கழற்றி ஒதுக்க வேண்டும், கப்ளிங்கும் போயிருந்தால் கீழே உள்ள குழாயையும் மாற்ற வேண்டும். அதுவரை உள்ளே தொங்கும் மொத்தக் குழாயும் அசையாமல் நிற்கும். நிற்க நிற்க, கிணற்றில் நிரப்பியிருக்கும் சேற்றின் அழுத்தம் அதைக் கிணற்றுச் சுவரோடு அழுத்தி ஒட்ட வைத்துவிடும். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த நேரம்தான்.

இதற்கு ஸ்டேப்பிங் கைடு என்று ஒன்று காலங்காலமாக இருக்கிறது. கப்ளிங்கின் மேல் பூட்டுகிற, இரண்டாகத் திறக்கும் புனல். அது குழாயை வாய்க்குக் கொண்டுவந்து சேர்க்கும், ஆனால் சாய்வைத் திருத்தாது. நாங்கள் செய்தது இதுதான்: கப்ளிங்கைப் பூட்டிப் பிடிக்கும் அதே பிடியின் மேல் இரண்டடி உயரத்துக்கு மூன்று கால்கள், அதன் தலையில் திறந்து மூடும் வளையம், வளையத்துக்குள் ஸ்பிரிங் தள்ளும் மூன்று குண்டு உருளைகள். குழாய் இறங்கினாலும் சுற்றினாலும் குண்டுகள் கூடவே உருளும். கீழே புனலும் மேலே குண்டுகளுமாக இரண்டு இடத்தில் பிடிப்பதால் குழாய் நேராக நின்றே ஆக வேண்டும். கையால் முதல் சில சுற்று ஏற்றியதும் கழற்றிவிட்டு டாங்ஸ் போடலாம்.

2018 ஆகஸ்டில், கண்டுபிடிப்பை விளக்கும் தற்காலிக விவரக்குறிப்பு தாக்கல் செய்தோம். தனிநபருக்கு இணையவழியில் 1,600 ரூபாய்தான். புதுச்சேரி ஒன்றியப் பகுதியும் கிண்டியில் உள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருவதால் காரைக்கால்காரர்களான எங்களுக்கும் அதுதான் அலுவலகம். விண்ணப்பதாரர் இடத்தில் என் பெயரோடு ஃபிட்டர் அண்ணன் பெயரையும் போட்டேன். அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அதற்கு முன்பே ஒரு ரிக்கில் கருவியைச் சோதித்திருந்தோம். நல்லவேளையாக, ரகசியம் காப்பதாகவும் இது சோதனை மட்டுமே என்றும் அப்போதே கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். நியாயமான சோதனைக்காகப் பொது இடத்தில் இயக்க வேண்டியிருந்தால், அது முந்தைய ஓராண்டுக்குள் நடந்திருந்தால், அதை மட்டும் காரணம் காட்டிப் புதுமை போய்விட்டது என்று சொல்ல முடியாது என்கிறது 32ஆம் பிரிவு. ஆனாலும் சட்டத்தை நம்பிக் கடிதம் வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும். தவறு நடந்தது இங்கேதான். ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் கருவியைத் தமிழில் யோசித்தவர்கள். "வாயைப் பிடிச்ச பிடியிலதான் தம்பி எல்லாம் நிக்குது" என்று அண்ணன் நூறு தடவை சொல்லியிருப்பார். எங்களுக்காக விவரக்குறிப்பை எழுதிக் கொடுத்தவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, முதல் கிளெய்மில் 'உருளைகளைத் தாங்கும் ஒரு சட்டகம்' என்று மட்டும் எழுதினார். சட்டகம் எதில் நிற்கிறது என்று சொல்லவில்லை. பரவலாக எழுதினால்தான் போட்டியாளர் தப்ப முடியாது என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பிடியைப் பற்றிய பேச்சு விளக்கப் பகுதியில் ஒற்றை வாக்கியமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது படத்தில் மட்டும் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. கப்ளிங்கின் நடுவிலிருந்து மேலே குண்டுகளின் நடு வரைக்கும் புள்ளியும் கோடுமாக ஒரே மையக்கோடு போக வேண்டும் என்று பென்சிலால் தானே போட்டுக் காட்டினார். வரைந்தவர் இரண்டு தடவை அதை விட்டுவிட்டார், இரண்டு தடவையும் அண்ணன் திருப்பி அனுப்பினார்.

முழு விவரக்குறிப்போடு அன்றே ஃபாரம் 18 கொடுத்து ஆய்வுக்குக் கேட்டோம், 4,000 ரூபாய். கேட்காமல் யாரும் ஆய்வு செய்ய மாட்டார்கள். அப்போது அதற்கு 48 மாதம் அவகாசம் இருந்தது. 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அதை 31 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தவறினால் விண்ணப்பமே போய்விடும். பதினெட்டு மாதம் ஆனதும் விண்ணப்பம் வெளியானது. எதிர்ப்பு எதுவும் வரவில்லை. அதன்பின் காத்திருப்புதான்.

இனி அந்த அறிக்கை. சின்னச் சின்ன ஆட்சேபங்கள் நிறைய இருந்தன. கிளெய்மில் படத்தின் எண்களை அடைப்புக்குறிக்குள் போடவில்லை, 'ஏறத்தாழ' போன்ற சொற்கள் தெளிவாக இல்லை, இப்படி. அவற்றை ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். பெரியவை இரண்டு. ஆய்வாளர் இரண்டு பழைய அமெரிக்கக் காப்புரிமைகளை எடுத்து வைத்திருந்தார். ஒன்று இரண்டாகத் திறக்கும் புனல். மற்றது டெரிக் என்ற ரிக் கோபுரத்தில் பொருத்திய கை, அதன் நுனியில் குழாயை நடுவாக்கும் உருளைகள். இரண்டையும் சேர்த்தால் உங்கள் கருவி வந்துவிடுகிறது, துறை தெரிந்த எவருக்கும் இது தோன்றும், ஆகவே கண்டுபிடிப்புப் படி இல்லை என்பது முதல் ஆட்சேபம். காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு இரண்டாவது: தெரிந்த சாதனங்களை, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தனித்தனியே இயங்கும்படி அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. இயந்திரத் துறையில் விண்ணப்பிக்கிறவர்கள் இந்தப் பிரிவை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

எழுதிக் கொடுத்தவர், நாலு பக்கத்துக்கு 'வேறுபட்டது, மேம்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரிடம் நன்றி சொல்லிவிட்டு வேறொரு காப்புரிமை முகவரைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, அந்த இரண்டு ஆவணங்களையும் முழுக்கப் படித்தீர்களா என்றுதான். படித்திருக்கவில்லை.

மூன்று வாரம் படித்தேன். ஆங்கிலம் எனக்குச் சரளமில்லை. ஆனால் படங்கள் எனக்குத் தெரிந்த மொழி. டெரிக்கில் பொருத்திய அந்தக் கையின் படத்தை அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "டெரிக்கு சாஞ்சிருந்தா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டெல்டாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், களிமண்ணில் நான்கு நாள் மழை பெய்தால் அத்தனை கனமான ரிக்கின் ஒரு பக்கம் மெல்ல அமுங்கும். டெரிக்கின் நடு வேறு, கிணற்றின் நடு வேறு என்றாகிவிடும். டெரிக்கில் நிற்கும் உருளை, டெரிக்குக்கு எது நேரோ அந்த நேரில்தான் குழாயை நிறுத்தும். கப்ளிங்குக்கு அது சாய்வு. எங்கள் குண்டுகளோ கப்ளிங்கையே பிடித்துக்கொண்டு நிற்பவை. தளம் எப்படிச் சாய்ந்தாலும், மரைக்கு எது நேரோ அதுதான் அவற்றுக்கும் நேர். 3(எஃப்) ஆட்சேபத்துக்கும் பதில் இதுதான். பிடியை எடுத்துவிட்டால் உருளைகளுக்கு நேர் என்பதே கிடையாது, ஆகவே இரண்டும் தனித்தனியே இயங்கவில்லை.

நாங்கள் கண்டுபிடித்தது உருளை அல்ல, உருளையைக் கப்ளிங்கோடு சேர்த்த பிடி. இது எங்கள் முதல் கிளெய்மிலேயே இல்லை.

சேர்க்க முடியுமா என்பதுதான் அடுத்த பயம். 59ஆம் பிரிவின்படி, தாக்கல் செய்தபோது சொல்லாத எதையும் பிறகு நுழைக்க முடியாது. திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். முகவர் விவரக்குறிப்பை வரிவரியாகத் தேடினார். 'சட்டகம் கப்ளிங்கின் வெளிப்பரப்பிலிருந்து தன் நிலையைப் பெறுகிறது' என்று ஆறாம் பக்கத்தில் அந்த ஒற்றை வாக்கியம் கிடைத்தது. கூடவே மூன்றாவது படமும், அண்ணன் போட வைத்த மையக்கோடும். அது போதும் என்றார் முகவர்.

பதில் கொடுக்க ஆறு மாதம், கட்டணம் கட்டிக் கேட்டால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிப்பு உண்டு. நாங்கள் ஐந்தாம் மாதத்தில் கொடுத்தோம். முதல் கிளெய்மைச் சுருக்கி, பொதுவாக உருளைகளைப் பற்றிச் சொன்ன இரண்டு கிளெய்ம்களை நீக்கினோம். அவற்றை அடிக்கும்போது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவை எங்களுடையவை அல்ல. நாங்கள் பிறப்பதற்கு முன்பே யாரோ யோசித்துச் செய்தவை.

ஒரு வருடம் கழித்து விசாரணைக்கு அறிவிப்பு வந்தது. காணொலியில்தான். நான் ஒரு பலகையில் பிவிசி குழாய்த் துண்டை நட்டு, அதன் மேல் பூட்டும்படி சின்ன மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தேன். பக்கத்திலேயே டெரிக் கைக்காக ஒரு ஆணியில் கம்பி. முகவர் சட்டம் பேசி முடித்ததும் முடிவெடுக்கும் அதிகாரியான கண்ட்ரோலர் ஒரே கேள்வி கேட்டார்: உருளைகள் எங்கே பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதால் விளைவில் என்ன மாறுகிறது? நான் பேசவில்லை. பலகையின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, பலகையில் நட்ட குழாயை மட்டும் சாய்த்தேன். மேல்குழாய் எங்கள் மாதிரியோடு சேர்ந்து சாய்ந்து கீழ்க்குழாய்க்கு நேராகவே நின்றது. கம்பி பழைய இடத்திலேயே இருந்தது. தண்ணீர் தம்ளரின் விளிம்புக்கு இணையாகவே நிற்பதைப் பார்த்து, பலகை சாயவில்லை, குழாய்தான் சாய்ந்தது என்று அவரே சொன்னார். மொத்தம் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. டெரிக்கோடு எந்த இணைப்பும் இல்லை என்பதையும் கிளெய்மிலேயே எழுதும்படி சொன்னார். நியாயமான கேள்வி, நியாயமான நிபந்தனை.

விசாரணை முடிந்த பதினைந்து நாளுக்குள் எழுத்துமூல வாதமும் திருத்திய கிளெய்ம்களும் போக வேண்டும். அந்த நாட்களில் வேறு வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைசியில் ஒன்பது ஆறாகியது. 2022 செப்டம்பரில் காப்புரிமை வழங்கப்பட்டது.

வழங்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், அதற்குள் சேர்ந்துபோன புதுப்பிப்புக் கட்டணங்களைப் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். எங்களுக்கு மூன்று, நாலு, ஐந்தாம் வருடங்களுக்கு 800 வீதம் 2,400 ரூபாய். சான்றிதழ் வந்த மகிழ்ச்சியில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காப்புரிமை நிலைக்கும் இருபது வருடம் என்பது வழங்கிய நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த நாளிலிருந்து. எங்களுடையது 2038 ஆகஸ்ட் வரை. இந்தியாவில் கருவி பயன்பாட்டில் இருக்கிறதா என்று ஃபாரம் 27-இல் சொல்லவும் வேண்டும்.

சான்றிதழைப் பிரதி எடுத்து அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தன் பெயரைத் தடவிப் பார்த்தார், அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு, மூன்றாவது படத்தைப் பெரிதாக ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார். இப்போது அது லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. 7 அங்குலக் குழாய்க்கான பிடியை அதைப் பார்த்துத்தான் கடைந்துகொண்டிருக்கிறோம்.