இலையை வெட்டாதீர்கள்: கிழங்குப் பூக்களின் நாட்குறிப்பு

பிப்ரவரி 11
வேலியோரம் ஸ்னோடிராப் பூத்துவிட்டது. காலையில் உறைபனியில் தண்டெல்லாம் துவண்டு தரையோடு கிடந்ததைப் பார்த்து, போச்சு என்றே நினைத்தேன். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றுவிட்டன. தரையில் முட்டிபோட்டு ஒரு பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்தேன். வெளியே மூன்று வெள்ளை இதழ்கள், உள்ளே குட்டையாக இன்னும் மூன்று, அவற்றின் நுனியில் கூரை முகடு போல ஒரு பச்சைக் குறி. நின்றபடி பார்த்தால் இது கண்ணிலேயே படாது.

பிப்ரவரி 20
நாள் முழுக்க மழை.

பிப்ரவரி 24
குரோக்கஸ்! ஊதாவும் மஞ்சளும். காலையில் கூம்பியிருந்தவை மதியம் கிண்ணமாக விரிந்தன, மேகம் மறைத்ததும் திரும்ப மூடிக்கொண்டன. வெளிச்சத்தைவிடச் சூடுதான் காரணம்; சூடு பட்டால் இதழின் உட்பக்கம் வேகமாக வளர்கிறது, குளிர்ந்தால் வெளிப்பக்கம். மூடிய பூ ஒன்றைப் பறித்து அடுப்படிக்குக் கொண்டுவந்தேன், தேநீர் ஆறுவதற்குள் விரிந்துவிட்டது.

மார்ச் 9
இன்று மனசு சரியில்லை. போன வருடம் அத்தனை அழகாகப் பூத்த டாஃபடில், இந்த முறை முன்வரிசையில் வெறும் இலை, ஒரு மொட்டுகூட இல்லை. தப்பு என்னுடையதுதான். போன வசந்தத்தில் பூ உதிர்ந்த கையோடு, பார்க்க நன்றாக இல்லை என்று இலையை ஒட்ட வெட்டிவிட்டேன். பூ முடிந்த பிறகு குறைந்தது 6 வாரமாவது அந்த இலைதான் கிழங்குக்குச் சோறு போடுகிறது, அந்தச் சோற்றில்தான் கோடையில் மண்ணுக்குள்ளேயே அடுத்த வருட மொட்டு உருவாகிறது. புதருக்குப் பின்னால் கத்தரிக்கோல் எட்டாமல் தப்பிய ஏழெட்டுச் செடியும் இன்று பூத்து நிற்கின்றன. அதே கிழங்கு, அதே மண்.

மார்ச் 21
சில்லாப் பூவும் திறந்துவிட்டது, தரையெல்லாம் நீலம். ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது, அதன் பின்னங்காலில் அப்பியிருந்த மகரந்தமும் நீலம்! சில்லாவின் மகரந்தமே அந்த நிறம்தான். மஞ்சள் மூட்டையோடு பறக்கும் தேனீக்களையே பார்த்துப் பழகிய எனக்கு நம்பவே முடியவில்லை, அது பறந்து போகும் வரை அசையாமல் நின்றேன்.

அப்புறம், பின்வரிசை டாஃபடிலில் வாடிய தலைகளை மட்டும் கிள்ளினேன், விதை பிடித்துக் கிழங்கின் சத்தை இழுக்கக் கூடாதே. முன்வரிசைக்குக் கொஞ்சம் உரம் போட்டேன். இலை தானாக மஞ்சளாகிச் சாயும்வரை புல்வெட்டும் இயந்திரம் அந்தப் பக்கம் போகவே கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.