ஒரு நாள் சம்பளம் பிடிப்பதற்கு முன்னால்

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் கூட வேலை செய்கிறவருக்குப் பெரிய வியாதி என்று தெரிந்தால் அன்று ராத்திரிக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கியூஆர் கோடு வந்துவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்த போட்டோ, பயாப்ஸி ரிப்போர்ட், ‘ஐந்து லட்சம் தேவை’ என்று ஒரு வரி. அந்த ஐந்து லட்சம் எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. போட்டோவுக்கும் ரிப்போர்ட்டுக்கும் அவரிடம் சம்மதம் வாங்கினார்களா என்றால் அதுவும் இருக்காது. பெயர், துறை, என்ன சிகிச்சை, எந்த மாதம் வரை. அவ்வளவு எழுதினால் போதும்.

வசூலுக்கு முன்னால் இரண்டு நாள் விசாரிப்பு வேண்டும். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர் ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பார். சிகிச்சை அதில் அடக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். விடுப்பில் கிடக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்ப் பட்டியலில் வந்தால், இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு அதற்குப் பிறகும் 80 சதவீதம் உண்டு. அந்த 70 சதவீதப் பணம் வாங்கும் காலத்தில் ஆளை வேலையை விட்டு எடுக்க முடியாது. இதை ஹெச்.ஆரிடம் ஞாபகப்படுத்த ஒருவர் போவது, நூறு பேர் தலைக்கு ஐந்நூறு போடுவதைவிடப் பெரிய உதவி.

ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால் ரேஷன் கார்டைப் பாருங்கள். புதுச்சேரி சேதராப்பட்டில் வேலை, வீடு தமிழ்நாட்டில் கடலூர் பக்கம் என்று இருப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். எங்கே வேலை செய்கிறார் என்பது கணக்கில்லை, கார்டு எந்த மாநிலம் என்பதுதான் கணக்கு. தமிழ்நாட்டுக் கார்டும் 1,20,000 ரூபாய்க்குள் ஆண்டு வருமானமும் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். வருமானச் சான்றிதழுடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். அட்மிஷன் போட்ட பிறகு ஓடினால் நாள் வீணாகும். அந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சிகிச்சைக்குக் கார்டு செல்லுமா என்பதையும் முன்கூட்டியே அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் ஆபரேஷன் செலவாக இருக்காது. வெளியே எழுதித் தரும் மருந்தும் ஸ்கேனும், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோ, கூட இருப்பவரின் சாப்பாடு, வீட்டு வாடகை, பிள்ளைகள் ஃபீஸ். கீமோ 21 நாளுக்கு ஒன்று என்று ஆறு சுற்று போட்டால் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை குறைந்தால் சுற்று தள்ளிப்போகும். முதல் வாரத்தில் ஒரே மூச்சாக வாங்கிக் கொடுத்த பணம் மூன்றாம் சுற்றுக்குள் கரைந்திருக்கும், திரும்பக் கேட்க யாருக்கும் வாய் வராது. அறுபது பேர் மாதம் 500 ரூபாய் ஆறு மாதம் தருவதாக ஒப்புக்கொண்டால் மாதா மாதம் 30,000 நிற்காமல் வரும். எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் பிடிப்பதுதான் என்று முடிவானால், எதால் வகுப்பது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். 18,000 ரூபாயை 26-ஆல் வகுத்தால் 692, 30-ஆல் வகுத்தால் 600. நூற்றைம்பது பேருக்கு வித்தியாசம் ஏறக்குறைய 13,800 ரூபாய். சண்டை வருவதற்கு அது போதும். ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும். ‘விருப்பமில்லாதவர் மட்டும் எழுதித் தரவும்’ என்ற சர்க்குலர் நன்கொடை அல்ல, வரி. காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சம்பளம் போடுவது காண்ட்ராக்டர், அவரிடம் தனியாகப் பேச வேண்டும். யார் எவ்வளவு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் அது மொய் நோட்டு ஆகிவிடும், திருப்பிச் செய்ய வேண்டிய கடனாக அந்தக் குடும்பம் அதைச் சுமக்கும்.

எந்தக் கணக்கில் வாங்குவது என்பதில்தான் அதிகம் சிக்குகிறார்கள். முழு கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) இல்லாத சிறு கணக்கு என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது, இருப்பும் 50,000-ஐத் தாண்டக் கூடாது. நோயாளியின் மனைவி கணக்கு அந்த வகையா என்று பாஸ்புக்கோடு வங்கியில் கேட்ட பிறகு எண்ணை அனுப்புங்கள். குழுவில் ஒருவருடைய சொந்தக் கணக்கும் வேண்டாம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வரும் பணம் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமான வரிக் கணக்கில் ஏறும். முடிந்தவரை நோயாளியின் ஆஸ்பத்திரி எண்ணைக் குறிப்பிட்டு நேரே பில்லுக்குக் கட்டி ரசீது வாங்குங்கள். பையில் ரொக்கமாகக் கொண்டுபோனால், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்று கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள்.

பிரியாணி பொட்டலம் விற்றுத் திரட்டுவதும் நடக்கிறது. பொட்டலத்துக்கு ஐம்பது ரூபாய் நின்றாலும் இருநூறு விற்றால் பத்தாயிரம்தான். ஞாயிற்றுக்கிழமை பூராவும் போகும்.

ரத்தப் புற்றுநோய் என்றால் பணத்தைவிட ஆள் பட்டியல் அவசரம். தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்து நாளைக்கு மேல் தாங்காது, முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது. மெஷினில் தட்டணு மட்டும் தருபவர் 48 மணி நேரம் கழித்து மறுபடி தரலாம். முழு ரத்தம் கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருக்க வேண்டும். ஆகவே முதல் நாளே இருபது பேரும் உற்சாகமாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவது தப்பு. குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி, எந்த ஷிஃப்ட், ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்கு எவ்வளவு நேரத்தில் வர முடியும் என்ற நாலு பத்தியோடு ஒரு தாள் போட்டு, கூப்பிடும் வேலையை ஒரே ஆளிடம் விடுங்கள்.

மீதியானால் பணம் யாருக்கு என்பதை முதல் செய்தியிலேயே எழுதுங்கள். அவர் இறந்துவிட்டால் என்ற கேள்வியைப் பின்னால் கேட்க யாராலும் முடியாது. ‘மீதி முழுவதும் குடும்பத்துக்கு’ என்று மூன்று வார்த்தை. மாதம் ஒருமுறை வரவு, செலவு, இருப்பு என்று மூன்று தொகையை மட்டும் குழுவில் போடுங்கள். கடைசிப் பில் கட்டியதும் ரசீதுகளின் நகலை ஒரு கவரில் போட்டு அவர் வீட்டில் கொடுத்துவிட்டு, கியூஆர் கோடைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.