முதல் மூன்று நாள் பால்

பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடுங்கள். சிசேரியன் என்றாலும் தாய் விழிப்பாக இருந்தால் கொடுக்கலாம், பக்கத்தில் ஒருவர் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முதல் சில நாள் மஞ்சளாகச் சுரக்கும் சீம்பால், ஒரு வேளைக்குச் சில மில்லிதான் வரும். பச்சைக் குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். "பால் ஊறவே இல்லை" என்று பயந்து சேனை (பிறந்த குழந்தையின் நாக்கில் தடவும் இனிப்பு), சர்க்கரைத் தண்ணீர் என்று வீட்டில் ஆரம்பிப்பது இந்த நாட்களில்தான். தயவுசெய்து வேண்டாம். நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த அந்தச் சொட்டுகளுக்கு மாற்று கிடையாது. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

காம்பு வெடித்து வலிக்கிறதா? பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதுதான் காரணம். வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் பெருமளவு உள்ளே போகும்படி அணையுங்கள். மோவாய் மார்பில் பட வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். வலித்தால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து மறுபடி போடுங்கள்.

இரவும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை. 5ஆம் நாளிலிருந்து தினமும் 6 தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது. எழுப்பினாலும் குடிக்காமல் சோர்ந்தே கிடந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.