6.2 என்ற எண்ணும் அப்பாவின் இரவுகளும்

அப்பாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.2 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்ததும் செம்பூரில் எங்கள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எழுபதைத் தாண்டியவர், பல வருடச் சர்க்கரை நோயாளி, இந்த எண் வாங்குவது லேசா என்று பக்கத்து வீட்டு மாமி வாயாரப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு மட்டும் அவருடைய தலையணை உறை உறுத்திக்கொண்டே இருந்தது. சில நாள் காலையில் பிழிந்தெடுக்கலாம் போல் நனைந்திருக்கும். மும்பைப் புழுக்கம் என்பார் அப்பா. டிசம்பரில் என்ன புழுக்கம்?

சராசரி ஏற்றத்தையும் இறக்கத்தையும் கலந்துதான் காட்டும். மதியம் 220, விடியற்காலை 55 என்று சர்க்கரை ஆடினாலும் ரிப்போர்ட் அழகாகவே இருக்கும். அப்பா சாப்பிட்டது கிளிமிபிரைடு. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை அது. அவரோ கிருத்திகை தவறாமல் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போய்வந்து, ஒரு டம்ளர் பாலோடு படுத்துவிடுவார். மாத்திரையை மட்டும் விடமாட்டார்.

அப்படியொரு கிருத்திகை இரவு, மூன்று மணி இருக்கும், எழுந்துபோய்ப் பார்த்தேன். நெற்றியும் கழுத்தும் சில்லென்று ஈரம். மணிக்கட்டைப் பிடித்தால் நாடி மிக மெதுவாக ஓடியது. நடுவில் ஒன்று தவறி, அடுத்த துடிப்பு ஓங்கி அடித்தது. விரலில் குத்திப் பார்த்தேன்: 52.

"அப்பா, எழுந்து இதைக் குடியுங்கள்" என்று சர்க்கரைத் தண்ணீரை நீட்டினேன்.

"எனக்கு ஒன்றுமில்லையம்மா, நீ போய்த் தூங்கு" என்றார்.

அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. நான் பயந்தது அதற்குத்தான். கால் மணி நேரம் கழித்து 88 வந்த பிறகே உட்கார்ந்தேன்.

அவர் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மெட்டோபிரோலோல், சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும் என்றார் டாக்டர். வியர்வையை மறைக்காது. அதற்காக அதை நாமாக நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு வேறு ஆபத்து.

கையில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார், மார்பில் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவி இரண்டையும் ஒரே சமயத்தில் பொருத்தினார்கள். "எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார்?" என்று டாக்டர் கேட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் இல்லாத இறக்கத்தையும் காட்டுமாம். பிறகு இரண்டு பதிவுகளையும் நேரம் பார்த்து ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினார். சர்க்கரைக் கோடு சரிந்த இடத்தில்தான் துடிப்பும் குறைந்து, இடையிடையே அதிகப்படித் துடிப்புகள் விழுந்திருந்தன.

சர்க்கரை தாழ்ந்தால் அட்ரினலின் பாய்கிறது. ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் செல்களுக்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்கு வரக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. தாளம் தப்ப அந்த இடைவெளி போதும். இரவில், முதல் வேகம் அடங்கியதும் இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் கை ஓங்கித் துடிப்பு மந்தமாகிறது. இன்சுலின் போட்டுக்கொள்ளும், இதய நோய் அபாயமுள்ள இரண்டாம் வகை நோயாளிகளிடம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் இதையே கண்டு 2014இல் வெளியிட்டார்கள். அதற்கும் முன்பு, 10,251 சர்க்கரை நோயாளிகள் பங்கேற்ற அக்கார்டு (ACCORD) என்ற ஆய்வில், சராசரியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்பு கூடியதால் 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். காரணம் இறக்கம்தானா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் வயதானவர்களுக்கும் எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று வீட்டுக்கு வீடு நம்புவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கிளிமிபிரைடை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். புதிய ரிப்போர்ட்டில் 7.3. அப்பாவுக்கு அதில் மனவருத்தம். எனக்குத் துளியும் இல்லை. கிருத்திகையை விடமாட்டேன் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார். டாக்டரும் சரியென்றார், ஆனால் அன்று இரவு இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும், படுக்கும் முன் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். அப்பா இட்லிக்கு இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.