நைனா கேட்ட ஒரே கேள்வி

ராயல் என்ஃபீல்டோட ஹண்டர் 350 பைக் எடுத்துட்டேன். திருவொத்தியூர்ல பொறந்தவன், சின்ன வயசுலேருந்து என்ஃபீல்டு கம்பெனி காம்பவுண்ட பாத்து வளந்தவன், இப்ப பெரும்பாலும் ஒரகடம், வல்லம் வடகால்லதான் வண்டி போடுறாங்கன்னாலும் எனக்கு அது எங்க ஊரு வண்டிதான்.

2025 ஆகஸ்ட்லயே எடுத்திருப்பேன். சுதந்திர தினத்தன்னிக்கு, தீபாவளிக்குள்ள ஜிஎஸ்டி கொறையும்னு பிரதமர் பேசுனதும் நிறுத்திட்டேன். அப்பறம் தெனம் நைட்டு சோறு தின்னுக்கினே பைக் நியூஸ்தான். செப்டம்பர் 3-ந்தேதி முடிவு வந்துச்சு, 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு 28-லேருந்து 18 சதவீதம், அதுக்கு மேல 40, செப்டம்பர் 22-லேருந்து அமல். ஹண்டர் இன்ஜின் 349 சிசி, அந்த கோட்டுக்கு இந்தப்பக்கமே நின்னுடுச்சு. ஆனா அதே கம்பெனியோட பெரிய பைக்கு ஹிமாலயன் 450-க்கு துட்டு சேத்துக்கினு இருந்த என் மச்சான் பாவம், அன்னிக்கு நைட்டே போன் போட்டு பொலம்புனான், அவன் வண்டிக்கு செஸ்ஸுன்ற கூடுதல் வரியோட 31 சதவீதம் இருந்தது 40 ஆயிடுச்சு.

வரி போடாத வெல 1 லட்சம்னா 10,000 ரூபா மிச்சம். ரோடு டாக்ஸும் ஷோரூம் வெல மேலதான் போடுறாங்க, அதுலயும் கொஞ்சம் கொறஞ்சுது. ஷோரூம்ல குடுத்த கொட்டேஷன்ல நான் கேக்காத கிராஷ் கார்டு, சீட் கவர்லாம் ஏத்தி வெச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணா எடுத்துடச் சொன்னேன். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் 5 வருஷத்துக்கு கட்டித்தான் ஆகணும், அத விட முடியாது. நீங்க எடுக்கப்போனாலும் ஒவ்வொரு லைனா படிச்சு கேளுங்க, கூச்சப்படாதீங்க.

மிச்சமான துட்டோட கம்மி வெல மாடலே எடுத்துடலாம்னுதான் நெனச்சேன். எங்க நைனா துறைமுகத்துல டிரெய்லர் ஓட்றாரு, நான் காட்டுன வீடியோலாம் பொறுமையா பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, "ரெண்டு வீலுக்கும் ஏபிஎஸ் இருக்காடா?" ஏபிஎஸ்னா சடன் பிரேக் போட்டா வீலு லாக் ஆகி வழுக்காம பாத்துக்குற சிஸ்டம், கம்மி வெல மாடல்ல அது முன்னாடி மட்டும்தான், பின்னாடி டிரம் பிரேக்கு. "எண்ணூர் ரோட்ல மணலு, ஆயிலு எல்லாம் கெடக்கு, நாங்க லெப்ட்ல ஒடிக்கும்போது பக்கத்துல வர்றவன் எங்களுக்கு தெரியவே மாட்டான், நீதான் நிறுத்தணும், வழுக்காம நிக்கணும்"னாரு. இத்தினி நாளா நான் பாத்த ஒரு ரிவ்யூலயும் எங்க ரோட்ட பத்தி யாரும் பேசல. அதுக்கு மேல உள்ள மாடலே எடுத்துட்டேன், பின்னாடியும் டிஸ்க் பிரேக்கு, டூயல் சேனல் ஏபிஎஸ், அதாவது ரெண்டு வீலுக்கும் உண்டு.

கடல் காத்துக்கு செயின் சீக்கிரம் துரு புடிக்கும்னு நைனாவே டெய்லி சாயங்காலம் தொடச்சு வுடுறாரு. மீட்டர்ல 487 கிலோமீட்டர் ஆயிருக்கு, நாளைக்கு காலையில ஃபர்ஸ்ட் சர்வீஸ், அவரும் பின்னாடி ஒக்காந்து வரேன்னு சொல்லியிருக்காரு, அவருக்கு ஒரு ஹெல்மெட் வாங்க இப்பதான் கெளம்புறேன்.