சாமத்தியவீட்டு ஹாட் டிஸ்க்

முரசுமோட்டையில் உள்ள மாமா வீட்டில் ஓர் இயந்திரம் நின்றுபோனால், அதைத் திருத்துவதற்கு முன்னர், அதற்கு என்ன வருத்தம் என்பதை அயலவர்கள் கூடித் தீர்மானிப்பது வழக்கம். உழவு இயந்திரத்துக்கும் தண்ணீர் மோட்டருக்கும் மட்டுமே கிடைத்துவந்த அந்த மரியாதை, அண்மையில் உள்ளங்கையளவான ஒரு கறுப்பு ஹாட் டிஸ்க்குக்கும் கிடைத்தது.

மச்சாளின் சாமத்தியவீட்டு வீடியோவை ஸ்ரூடியோக்காரர் அதில்தான் போட்டுக் கொடுத்திருந்தார். 2009இல் அல்பங்களையெல்லாம் விட்டுவிட்டு ஓடிய குடும்பம் என்பதால், கனடாவிலுள்ள பெரியம்மா தம்மிடமிருந்த பழைய படங்களை ஸ்கான் செய்து அனுப்பியிருந்தார். அவையும் அதற்குள்தான் கிடந்தன. இன்னொரு பிரதி எடுத்துவைக்கவேண்டும் என்று அந்த வீட்டில் அடிக்கடி பேசிக்கொள்வார்கள். மிகவும் பொறுப்பாகப் பேசுவார்கள்.

மேசைக் கணினியின் முன்பக்கத் துளையில் வயரைச் செருகியதும் டிஸ்க்கின் சிறுவிளக்கு எரிந்தது. உள்ளே ‘டிக், டிக்’ என்று ஓர் ஓசை எழுந்தது. கணினி ஒரு மணியடித்து அதை வரவேற்று, மறுகணமே இன்னொரு மணியடித்து வழியனுப்பியது. வரவேற்பு மணி கேட்கும்போதெல்லாம் மாமி “வந்திட்டுது” என்றார். வழியனுப்பும் மணிக்கு மாமா “போயிட்டுது” என்றார். இருவரும் களைக்கவில்லை.

“இது பெயரிங் போனது, தம்பி. சத்தத்திலையே தெரியுது,” என்பது மாமாவின் முடிவு. மச்சானோ, இணையத்திலிருந்து ஏதாவதொரு டிரைவர் மென்பொருளை இறக்கினால் எல்லாம் சரிவரும் என்றான். அவனுக்கு எல்லா நோய்க்கும் அந்த மருந்துதான். பக்கத்து வளவு அண்ணை, பிரிட்ஜின் மேற்தட்டில் ஓர் இரவு வைத்தெடுத்தால் டிஸ்க் உயிர்பெறும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அது மிகப் பழைய கதை என்பதையும், எங்கள் ஊர் வெக்கைக்குள் வெளியே எடுத்தவுடன் உள்ளே நீர் வியர்த்து, மிஞ்சியிருக்கும் உயிரும் போய்விடும் என்பதையும் நான் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள், மாமி மீன் பையை ஒதுக்கி இடம் செய்துவிட்டிருந்தார்.

இந்தச் சிறிய வகை டிஸ்க்குகளுக்குத் தனியான மின்வயர் கிடையாது. கணினியிலிருந்து வரும் அதே யூ.எஸ்.பி. வயர்தான் தரவையும் 5 வோல்ட் மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. உள்ளேயிருக்கும் தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில்தான் அதற்கு அதிகமான மின்னோட்டம் வேண்டும். வயர் நைந்திருந்தாலோ துளை தளர்ந்திருந்தாலோ, தட்டு சுழல முயன்று, முடியாமல் நின்று, மீண்டும் முயலும். அந்த முயற்சிதான் ‘டிக், டிக்’ என்று கேட்கக்கூடும். மோட்டர் போடும்போது வீட்டு மின்குமிழ்கள் மங்குவதைச் சொன்னதும் மாமாவுக்கு விளங்கிவிட்டது. ஆயினும் பெயரிங்கை அவர் முழுமையாகக் கைவிடவில்லை. அவரிலும் பிழையில்லை, நல்ல வயரிலும் அந்த ஓசை தொடருமானால் படிக்கும் முனையே பழுதாகியிருக்கலாம், பிறகு அதைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது பிணத்தை உலுக்குவதைவிட மோசமானது.

இதற்கிடையில் டிஸ்க் ஒருமுறை சற்று நேரம் நிலைத்து நின்றது. உடனே கணினி ஒரு சிறு பெட்டியைத் திறந்து, இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் போர்மற் செய்யவேண்டும், செய்யட்டுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டது. விண்டோஸின் பழக்கங்களிலேயே எனக்குப் பயங்கரமாகத் தோன்றுவது இதுதான்: தன்னால் வாசிக்க முடியாததை அழித்துவிடலாமா என்று கேட்பது. “ஓம் எண்டு குடு, கேக்குதுதானே,” என்றார் மாமி. மச்சானின் விரல் மவுஸை அடைவதற்குள் நான் வயரையே பிடுங்கிவிட்டேன். அவன் கொஞ்சநேரம் என்னோடு கதைக்கவில்லை.

பிடுங்கிய வயரைப் பார்த்தபோதுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. டிஸ்க்கைச் சுற்றி வயரை இறுக்கிச் சுருட்டி, அதன்மேல் இறப்பர் வளையம் போட்டு அலுமாரியில் வைப்பது மாமியின் ஒழுங்கு. அதனால் பிளக்கின் கழுத்தில் கறுப்புத் தோல் வெளிறி மடிந்து, உள்ளேயிருந்த மெல்லிய கம்பிகள் தெரிந்தன. மீண்டும் செருகி விரலால் சற்றே அசைத்தால் விளக்கு அணைந்து எரிந்தது.

அந்தப் பிளக் வழக்கமான போன் பிளக் அன்று. நடுவில் ஒரு பிளவோடு, அகலமாக, இரண்டு பிளக்குகளை ஒட்டவைத்ததுபோல் இருக்கும். கிளிநொச்சிக் கடைகளில் அந்த வயரைக் கேட்டபோது, வேறெல்லா வயர்களையும் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் டிஸ்க்கிலுள்ள அகலத் துளையின் பெரிய பாதிக்குள், பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. போன் வயர் அப்படியே பொருந்தும். வேகம் மட்டும் யூ.எஸ்.பி. 2.0இன் வேகத்துக்கு இறங்கிவிடும். இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

மாமி கொண்டுவந்து தந்த முதல் வயரில் தட்டு அழகாகச் சுழன்றது, ஆனால் கணினி எதையும் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமான வயர். தரவுக் கம்பிகளே அதில் இல்லை. அப்பப்பாவின் தலையணைக்குக் கீழிருந்து எடுத்த வயரைச் செருகி, மறுமுனையைக் கணினியின் பின்பக்கத்தில், தாய்ப்பலகையோடு நேரே பொருந்திய துளையில் போட்டதும், வரவேற்பு மணி மட்டும் ஒலித்தது. மாமா வாய் திறந்து காத்திருந்தார். அவருடைய முறை வரவேயில்லை.

பிழை திருத்தும் கட்டளைகள் எதையும் ஓடவிடாமல், முதலில் எல்லாவற்றையும் கணினிக்குக் கொப்பி செய்வதென்று முடிவாயிற்று. போன் வயரின் வேகத்தில் அது பின்னேரம் முழுவதும் நீண்டது. மின்சாரம் தளர்ந்தாலும் கணினியைத் தாங்கிப்பிடிக்கும் யூ.பி.எஸ். பெட்டி அங்கே இல்லாததால், முடியும்வரை யாரும் மோட்டர் போடக்கூடாது என்று மாமா கட்டளையிட்டார். தண்ணீர்த் தாங்கி வற்றியது. அப்பப்பா கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்தபடி, தன் வயர் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரவு எல்லாரும் கூடியிருந்து வீடியோவைப் பார்த்தோம். மாமி தொடக்கத்திலிருந்து முடிவுவரை இமைக்காமல் பார்த்துவிட்டு, எழுந்து சேலையை உதறினார்.

“முழு வீடியோவிலையும் என்னைச் சாப்பிடேக்கைதான் எடுத்திருக்கிறான். இதுக்குப் பேசாமல் அந்தப் போர்மற்றுக்கே ஓம் எண்டு குடுத்திருக்கலாம்.”